கறுப்புக் கோட்டுக்காரனும் சாணி உருண்டையும்

ஒரு குடும்பத்தின் மானம் அன்றைய நிலவரப்படி ஐந்து பவுன். செய்கூலி, சேதாரம் தனி.

பவுன் ஐயாயிரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த 2004-ஆம் வருஷம். வைகாசி மாதத்தில் ஒரு நல்ல நாள். இடம், செட்டிகுளத்தில் மாப்பிள்ளை வீடு. அந்த விலையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இருந்த அத்தனை பேரும் மத்தியானத்துக்குள் அதைத் தெரிந்துகொண்டார்கள்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் செல்லப்பனைத் தெரியும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வரதராஜன்பேட்டைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் செல்லப்பன், ஊரார் கணக்கில் திருச்சி லேத்துப் பட்டறையில் இருபது வருஷம் உழைத்தவர். மனைவி பஞ்சவர்ணத்தின் கணக்கில் அதே இருபது வருஷமும் திருடர். கிடைத்ததைச் சுருட்டுகிற ரகமில்லை, அதையே தொழிலாக வைத்திருந்தவர். விட்டு ஒன்பது வருஷமாகிறது. மகள் லாவண்யாவுக்குத் தெரிந்தது முதல் கணக்கு மட்டும்.

லாவண்யாவுக்கு இந்த இடம் அமைந்ததே பெரிது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது பதினைந்து பவுன். வீட்டில் இருந்தது பத்து. மீதி ஐந்துக்காகச் செல்லப்பன் அன்று விடியற்காலையில் சைக்கிள் கடைக்குப் பின்னால் மண்ணைத் தோண்டினார். கடைசித் தொழிலில் எடுத்த முறுக்குச் சங்கிலி வெளியே வந்தது. விற்காமல் வைத்திருந்தால் தொழிலை விட்டதாக அர்த்தம் என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு ஒன்பது வருஷமாகப் புதைத்து வைத்திருந்தது. இன்றைக்கு அந்தச் சட்டத்தை உடைத்து, திரும்பும் வழியில் பெரம்பலூரில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொடுத்து உருக்கிவிடுவதாகத் திட்டம். துணியில் சுற்றி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்.

வேனில் பதினோரு பேர். பெண்ணைத் தவிர எல்லாரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு பார்த்து, பிடித்திருந்தால் அங்கே கை நனைப்பது வழக்கம். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. கை நனைக்காமல் எழுந்தால், அந்தப் பக்கம் பஸ் போனால்கூடத் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். தட்டைத் தயார் செய்த அம்மாள் அதை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒதுங்கிக்கொண்டதைச் செல்லப்பன் கவனித்தார். பிறகு மோர் கொண்டுவந்து கொடுத்தது அதே அம்மாள்தான்.

"நம்ம தங்கச்சி குஞ்சம்மா. இங்கயே எங்களோடதான் இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா வெள்ளைச்சாமி. சின்ன வெங்காயம் வாங்கி விற்கிறவர். தம்பி இறந்த பிறகு அந்த வீட்டுக்கு அவர்தான் தலை.

செல்லப்பன் மோரை வாங்கிக் குடித்தார். நன்றாக இருந்தது.

கூடத்தில் புத்தம் புது டிவி ஒன்று உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை மகேஷ் பெரம்பலூரில் சி.டி. கடை வைத்திருக்கிறான். சம்பந்திகளுக்கு மரியாதை செய்ய, கடையில் அதிகமாக வாடகைக்குப் போகும் படத்தையே கொண்டுவந்து போட்டிருந்தான். வேன் வந்ததும் ஐஸ் வாங்கிவருகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய், அப்போதுதான் திரும்பியிருந்தான்.

படம் முழுக்க இருட்டும் மழையும் நீல வெளிச்சமும். திருடனுக்குக் கறுப்புக் கோட்டு, கறுப்புக் கையுறை, நடுராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடி. இரும்புப் பெட்டியில் காதை வைத்துப் பாட்டுக் கேட்பதுபோல் கேட்டான். கதவு தானாகத் திறந்தது. அவன் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. வெளியே வந்து சிகரெட் பற்றவைத்தபோது கூடத்தில் விசில் பறந்தது.

"எப்படி மாமா?" என்றான் மகேஷ்.

"நல்லாருக்கு மாப்ள."

"ஸ்டைலப் பாத்தீங்களா? ஒரு அடிதடி இல்ல, ரத்தம் இல்ல. திருடுனா இப்படித் திருடணும்."

"இந்த டிவி எப்ப மாப்ள வாங்குனது?"

"போன வாரம்தான் மாமா. எல்லாம் தவணைதான்."

வெள்ளைச்சாமி தொடையைத் தட்டிக்கொண்டார். "வெங்காயத்தை வெயில்ல காயப்போட்டு மழையில அள்ளுற பொழப்பு நம்ம பொழப்பு. இந்தப் பய பாரு, கோட்டு கசங்காம சம்பாரிக்கிறான். இவனுக்குப் பொண்ணு குடுக்கலாம்யா!"

கூடமே சிரித்தது. செல்லப்பனும் சிரித்தார்.

அவருடைய தொழிலில் மழை என்றால் சளி. மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் குந்தி, நாய் தூங்குகிறவரை கொசுவுக்கு உடம்பைக் கொடுக்க வேண்டும். ஒருமுறை வயிறு கெட்டுப்போய்ப் பாதி வேலையில் வேலியோரம் ஓடியிருக்கிறார். இதையெல்லாம் யார் படமெடுப்பார்கள்? திருடியவன் வீட்டுக்குப் போய் மகள் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்பதை எடுத்தால் யார் விசில் அடிப்பார்கள்?

வேட்டி மடிப்பு கனத்தது. பேச்சைக் கவனிக்காததுபோல் டிவியையே பார்த்தார்.

பின்கட்டில் இலை போட்டார்கள். உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் வந்தாகிவிட்டது. சோறு வருவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா! என் சங்கிலியக் காணோம்மா!"

மகேஷின் தங்கை சசிகலா. கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. விசேஷத்துக்காகப் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தாள். தலை குளிக்கப் போகும்போது ஐந்து பவுன் முறுக்குச் சங்கிலியைக் கழற்றி, உள்ளறையில் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாளாம். அடுப்படி வேலையில் மறந்துபோய், இப்போது போய்ப் பார்த்தால் ஆணி மட்டும் இருக்கிறது.

"நல்லாத் தேடுனியா?"

"பாய உதறிட்டேன், பொட்டியக் கவுத்துட்டேன். எங்க மாமியாருக்கு நான் என்னம்மா பதில் சொல்வேன்?"

டிவியை யாரோ அணைத்தார்கள். உள்ளறையில் யார் யார் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது. பெண் வீட்டுப் பெண்களுக்கு ஒதுக்கிய அறை அது. வேனில் வந்ததில் தலை சுற்றுகிறது என்று கொஞ்ச நேரம் அங்கே தனியாகப் படுத்திருந்தவள் பஞ்சவர்ணம்.

சத்தம் கேட்டதும் செல்லப்பனின் கை தன்னால் இடுப்புக்குப் போனது. பழைய பழக்கம். எதிரே நின்ற பஞ்சவர்ணம் அதைப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் குப்பென்று வியர்த்ததைச் செல்லப்பனும் பார்த்துவிட்டார்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவளைத் தொட்டி ஓரமாக ஒதுக்கினார்.

"உள்ள நீ மட்டும்தான் படுத்திருந்தியா?"

"இடுப்புல என்னங்க வச்சிருக்கீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நீங்க மொதல்ல சொல்லுங்க."

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா பாக்யலட்சுமி வந்துவிட்டாள். "என்ன அண்ணி, தல சுத்தல் இன்னும் நிக்கலையா?" என்று கேட்டாள். வார்த்தையில் மரியாதை இருந்தது. பார்வை பஞ்சவர்ணத்தின் மடியில் இருந்தது.

இருபது வருஷத்தில் செல்லப்பன் எத்தனையோ வீட்டுச் சுவர் ஏறியிருக்கிறார். ஒரு வீட்டிலும் இப்படி வெளியேறும் வழி தெரியாமல் நின்றதில்லை. 'பவுன் பத்தலை பத்தலை என்று ராத்திரியெல்லாம் புலம்பினேன். என் புலம்பலைக் கேட்டுத்தான் இவள் இந்தக் காரியத்தில் இறங்கிவிட்டாள். என் பக்கத்தில் படுத்துக் கற்றுக்கொண்டதுதானே!' திருடராக இருந்தபோது வராத வெட்கம், திருடாத நாளில் வந்து பிடரியைப் பிடித்தது.

"போலீஸுக்குச் சொல்லலாமா?" என்றார் ஒருவர்.

"போனது போவட்டும், விடுங்க பெரியப்பா" என்றான் மகேஷ். "நல்ல நாளும் அதுவுமா இது எதுக்கு? மொதல்ல எல்லாரும் சாப்புடட்டும்."

மாப்பிள்ளையின் பெருந்தன்மையைப் பெண் வீட்டார் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்கள்.

வெள்ளைச்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. "சந்தேகத்தை மடியில வச்சுக்கிட்டு எவன்டா சோறு திம்பான்? வந்தவங்க மடியை அவுத்துப் பாக்குற அளவுக்கு நாங்களும் கெட்டுப் போகலை. சாணி உருண்டை வைப்போம்."

அந்தப் பக்கத்தில் பழைய வழக்கம் அது. ஆளுக்கொரு கைப்பிடி சாணி. அதை உருட்டிக்கொண்டு ஒருவர் ஒருவராகத் தொழுவத்துக்குள் போய்க் கூடையில் போட்டுவிட்டு வரவேண்டும். எடுத்தவர் பொருளை உருண்டைக்குள் வைத்துப் போட்டுவிடலாம். கடைசியில் கூடையில் தண்ணீரை ஊற்றிக் கரைத்தால் பொருள் வந்துவிடும், எடுத்தவர் பெயர் வராது. மன்னிப்புக்கு இதைவிடச் சுத்தமான ஏற்பாடு கிடையாது, சாணி என்பதைத் தவிர.

"பட்டுப் பொடவையோட சாணியப் புடிக்கணுமா?" என்றாள் பெண் வீட்டு அத்தை ஒருத்தி.

"எங்கூட்டுப் பொம்பளைங்களும்தான் பட்டு கட்டியிருக்காங்க. வேன் டிரைவர் உள்பட எல்லாரும் போடணும். நானும் போடுவேன்."

டிரைவர் பதறினார். "நான் எறங்கவே இல்லைங்களே சார்!"

"மோர் குடிக்க எறங்குனியே. உருட்டு."

வரிசையாக நின்றார்கள். சாணியைக் கையில் வாங்கியதும் செல்லப்பன் மளமளவென்று கணக்குப் போட்டார். பஞ்சவர்ணத்துக்குத் திருட்டுப் புதிது. புதிதாக எடுத்தவர்கள் பயத்தில் பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்களே தவிரத் திருப்பிப் போட மாட்டார்கள். கூடையில் ஒன்றும் வராவிட்டால் வேன் கை நனைக்காமல் திரும்பும். லாவண்யாவைப் பற்றி ஜெயங்கொண்டம் வரை பேசுவார்கள், திருடி மகள் என்று.

காணாமல் போனது முறுக்குச் சங்கிலி, ஐந்து பவுன். இடுப்பில் இருப்பதும் முறுக்குச் சங்கிலி, ஐந்து பவுன். சாணியில் புரண்டு வந்த சங்கிலியை, வந்ததே போதும் என்று வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். யார் கண்ணிக்குக் கண்ணி பார்க்கப்போகிறார்கள்? மனிதர்கள் எதிர்பார்ப்பதைத்தான் பார்ப்பார்கள். இருபது வருஷம் அதை நம்பித்தானே சோறு தின்றார்.

தொழுவத்துக்குள் போனார். இரண்டு மாடுகள் அவரைத் திரும்பிப் பார்த்தன. துணியைப் பிரித்து, சங்கிலியைச் சாணிக்குள் வைத்து மூடி, கூடையில் போட்டார். கதவைத் திறப்பது, பெட்டியைத் திறப்பது, எடுப்பது என்று எத்தனையோ செய்த விரல்கள். ஒரு பொருளைத் திருப்பி வைப்பது இதுதான் முதல் தடவை.

வெளியே வரும்போது பஞ்சவர்ணம் உள்ளே போனாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லாரும் போட்டு முடித்ததும் கூடையை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளைச்சாமி குந்தி உட்கார்ந்து, தண்ணீரை ஊற்றச் சொல்லிக் கையை விட்டு அலசினார். பின்கட்டில் இலைகள் வெயிலில் சுருண்டுகொண்டிருந்தன. கூட்டைக் காக்கை ஒன்று ருசி பார்த்துவிட்டுப் போனது.

"இந்தா, வந்துருச்சு!"

மஞ்சளாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. "அப்பாடா!" என்று கூட்டமே மூச்சு விட்டது. பாக்யலட்சுமி பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் புண்ணியவானோ, நல்லாருக்கட்டும் அண்ணி. வாங்க சாப்புடலாம்" என்றாள். செல்லப்பனுக்குக் கண் கலங்கியது.

சசிகலா சங்கிலியைச் சொம்புத் தண்ணீரில் அலசினாள். திருப்பிப் பார்த்தாள்.

"பெரியப்பா, இது என்னுது இல்ல."

"நல்லாப் பாரும்மா."

"என் சங்கிலி எனக்குத் தெரியாதா? இதுல கொக்கி வேற மாதிரி இருக்கு. மீன் மாதிரி."

எடையைப் பார்த்தவர் கொக்கியைப் பார்க்கவில்லை. அத்தனை பூட்டையும் ஆராய்ந்த மனுஷன், கையளவு சங்கிலியில் இருந்த பூட்டை ஒன்பது வருஷமாகப் பார்க்காமல் விட்டிருந்தார்.

பின்னால் நின்ற குஞ்சம்மாள் முன்னால் வந்தாள். நல்ல காரியத்தில் அவள் முன்னால் வருவதில்லை, அன்று வந்தாள். சங்கிலியை வாங்கி, கொக்கியை மட்டும் விரலால் தடவினாள்.

"அண்ணே, இது என்னுதுண்ணே."

"என்ன குஞ்சு சொல்ற?"

"கொக்கி அறுந்துபோயி, நீதானேண்ணே மீன் கொக்கி வச்சுக் குடுத்த? பாடாலூர்ல எங்கூட்டுல திருடுபோச்சே, அந்தச் சங்கிலிண்ணே."

செல்லப்பனுக்குப் பாடாலூர் ஞாபகம் இருந்தது. ரோட்டோரத்து ஓட்டு வீடு, பின்பக்கம் ஒரு வேப்பமரம். வீட்டுக்காரர்கள் முகம் தெரியாது. முகம் தெரியாமல் செய்வதைத்தான் தொழில் சுத்தம் என்று நினைத்திருந்தார்.

குஞ்சம்மாள் அழவில்லை. யாரிடமோ வழக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "பூட்டு ஒடையல, கதவு ஒடையல. அப்புறம் திருடன் எப்படி வந்தான்னு மாமியா வீட்டுல கேட்டாங்க. நான்தான் எடுத்து அண்ணன் கையில குடுத்துட்டேன்னாங்க. கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணினேன். நம்பல. திருடிக்கு இங்க எடமில்லன்னு பையோட பஸ் ஏத்திவிட்டாங்க. அந்தாளு வேற கல்யாணம் கட்டி, ரெண்டு புள்ளையும் பொறந்தாச்சு. இப்ப இதைக் கொண்டுபோயி நான் யாருகிட்டண்ணே காட்டுறது?"

ஒரு பூட்டையும் உடைக்காமல் திருடியது. அந்தத் திறமைக்குத்தான் சற்று முன்பு இதே வீட்டில் விசில் அடித்தார்கள். செல்லப்பன் மோர் வாங்கிக் குடித்ததும் அவள் கையால்தான்.

'நான்தான்' என்று சொல்ல வாய் வந்தது. லாவண்யாவின் முகம் வந்து அடைத்தது. தலை குனிந்துகொண்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

"அப்ப சசி சங்கிலி எங்க?" என்று கேட்டுக்கொண்டே வெள்ளைச்சாமி மறுபடி கூடைக்குள் கையை விட்டார். அவர் கை நின்றது. "இன்னொண்ணு இருக்குடா!"

இரண்டாவது சங்கிலி வந்தது. முறுக்குச் சங்கிலி இல்லை. மெல்லியது, மூன்று பவுன் இருந்தால் அதிகம்.

"இதுவும் என்னுது இல்ல" என்றாள் சசிகலா.

செல்லப்பனுக்கு அது யாருடையது என்று தெரியும். முந்திரிக்கொட்டை உடைத்து, பால் பட்டுத் தோல் உரிந்து, விரலெல்லாம் கறுத்துப்போய்ப் பஞ்சவர்ணம் சேர்த்த காசில் வாங்கியது. அவர் கொண்டுவந்த நகை எதையும் அவள் கழுத்தில் போட்டதில்லை. அந்த வீட்டில் உழைத்து வாங்கிய பொன் அது ஒன்றுதான்.

திரும்பிப் பார்த்தார். பஞ்சவர்ணம் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள், வைகாசி வெயிலில். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சம்மாள் கையில் இருந்த சங்கிலியைப் பார்த்தாள், அவர் இடுப்பைப் பார்த்தாள், தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அவள் திருடியதாக நினைத்து இவர் போட்டிருக்கிறார். இவர் திருடியதாக நினைத்து, ஈடாகத் தன்னுடையதை அவள் போட்டிருக்கிறாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கை, சாணித் தண்ணீரில் எல்லார் முன்னாலும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை என்றால்?

அன்று முழுக்க வெட்கத்தில் கவிழ்ந்து கிடந்த தொழில் கண் அப்போதுதான் விழித்தது. செல்லப்பன் தலையைத் தூக்காமலே முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பாக்யலட்சுமி, சசிகலா, டிரைவர், பட்டுப் புடவை அத்தை, எல்லாரும் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிசயம் அங்கேதானே இருக்கிறது?

ஒரே ஒருத்தன் மட்டும் பார்க்கவில்லை. அவன் கண் வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுப் பெட்டிக்குப் போய்ப் போய்த் திரும்பியது. காலையில் ஐஸ் வாங்கிவருகிறேன் என்று அதில்தான் அவசரமாக டவுனுக்குப் போய்வந்தான். 'எல்லாம் தவணைதான் மாமா.'

மாப்பிள்ளை மகேஷ்.

லாவண்யாவுக்கும் அவள் அம்மாவின் பொழைப்பா? சொல்லலாம். எப்படித் தெரியும் என்று கேட்டால்? ஒரு திருடன் கண்ணுக்கு இன்னொருத்தன் தப்ப மாட்டான் என்று, குஞ்சம்மாளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

வெள்ளைச்சாமி சாணிக் கையோடு எழுந்தார். மூட்டை எண்ணுகிற அதே குரலில் எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"போனது ஒண்ணு. வந்தது ரெண்டு. வந்த ரெண்டுல போனது இல்ல. ஆகக்கூடி வரவு ரெண்டு, பாக்கி ஒண்ணு."

குஞ்சம்மாளின் ஒன்பது வருஷத்தை அவர் எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை.